கடன்படாத கலியாணம்

பெரு நாட்டின் தென்கிழக்கில், இன்காப் பேரரசின் பழைய தலைநகரான குஸ்கோவிலிருந்து வடக்கே இறங்கினால் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கினை அடையலாம். உல்லாசப் பிரயாண உலகம் இதற்குப் 'புனிதப் பள்ளத்தாக்கு' எனப் பெயர் சூட்டியுள்ளது. இன்காக்களின் இடிபாடுகளைக் காணவரும் மேனாட்டாருக்கு அங்கு விற்கப்படும் பண்டங்கள் பல. கம்பளிப் போர்வை, வெள்ளி நகை, மச்சு பிச்சுவுக்குப் புகையிரதச் சீட்டு என்பவற்றோடு, அண்மைத் தசாப்தங்களில் மற்றொன்றும் விலைப்பட்டியலில் ஏறியுள்ளது. அது திருமணம்.

இத்திருமணத்தின் ஒழுங்கு ஏறத்தாழ எல்லா விளம்பரப் பிரசுரங்களிலும் ஒன்றே. வட அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ புறப்பட்டு, நாடு நாடாகச் சுற்றிவரும் காதலர் இருவர் ஒரு பிற்பகலில் மலைச்சரிவொன்றுக்கோ ஏரிக்கரைக்கோ அழைத்துச் செல்லப்படுகின்றனர். கிராமத்தவரின் உடை இரவலாக அணிவிக்கப்படுகிறது. தலையில் மலர் வளையம், சங்கொலி. 'பாக்கோ' எனப்படும் சடங்காசிரியர் தாளொன்றை விரித்து, மும்மூன்றாக அடுக்கிய கோக்கா இலை, தானிய மணிகள், இனிப்பு வகைகள், லாமாவின் கொழுப்பு, கடற்சிப்பி, மலரிதழ் ஆகியவற்றை அதன்மீது ஒழுங்காக வைக்கிறார். நிலமகளாகிய பச்சமாமாவும் மலைத் தெய்வங்களாகிய அப்புக்களும் கெச்சுவா மொழியில் அழைக்கப்படுகின்றனர். மணமக்களின் கைகள் நெய்த கச்சினாற் பிணைக்கப்படுகின்றன. தாள் பொதியாகக் கட்டப்பட்டுத் தீயிலிடப்படுகிறது. ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் யாவும் நிறைவுறும். மறுநாள் மணமக்கள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவர்.

சட்டத்தின் முன் இது திருமணமன்று. பெருவில் 1930 ஆம் ஆண்டு முதல் குடியியற் பதிவுத் திருமணமே சட்டம் ஏற்கும் திருமணமாகும். விற்போரும் இதனை மறைப்பதில்லை. 'குறியீட்டுச் சடங்கு' என முன்கூட்டியே சொல்லிவிடுகின்றனர். ஆதலின் மோசடி என்று எவரும் வழக்குரைக்க இடமில்லை. பிணக்கு வேறோரிடத்தில் உள்ளது. 'அந்தீஸ் மக்களின் மரபுவழித் திருமணம்' என்னும் பெயரில் இச்சடங்கு விலைபோகிறதே, அப்பெயருக்கு இது உரியதா? உரியதன்று என்பதும், அவ்வாறிருந்தும் அப்பெயரை வழங்கவிடுவது சிறு விடயமன்று என்பதும் ஈண்டு வாதிக்கப்படும்.

அந்தீஸ் மலைநாட்டுக் கெச்சுவா, ஐமாராக் கமக்காரரிடையே திருமணம் என்பது ஒரு நாளில் நிகழ்வதன்று. அது பல ஆண்டுகள் நீளும் ஒரு தொடர் நிகழ்ச்சி. இடத்துக்கிடம் வேறுபாடுகள் உண்டெனினும் பொதுவான போக்கு ஒன்றே. ஆணின் பெற்றோர் கோக்கா இலையும் சாராயமும் எடுத்துக்கொண்டு பெண்வீட்டுக்குச் செல்வர். முதலில் மறுப்பதும், மறுத்தபின் நெடுநேரம் பேசியிருப்பதும் முறை. இரு குடும்பத்தாரும் ஒருமுறை சேர்ந்து கோக்கா மென்றுவிட்டால் உறவு தொடங்கிவிட்டது என்பது பொருள். அதன்பின் இளையோர் இருவரும் ஒரே கூரையின்கீழ், பெரும்பாலும் ஆணின் பெற்றோர் வீட்டில், வாழத் தொடங்குவர். இந்நிலைக்குச் 'சேர்வினாக்குய்' என்று பெயர். ஓராண்டோ, ஈராண்டோ, அதற்கு மேலுமோ இது நீளலாம். பிள்ளையும் பிறக்கலாம். பின்னரே 'பத்ரினோ' எனப்படும் ஞானத்தந்தையும் ஞானத்தாயும் தேடப்பட்டு, பதிவும் கோயிற் சடங்கும் நடைபெறும். அதற்கும் அப்பால் புதிய தம்பதியருக்கு வீடு கட்டிக் கூரைவேயும் நாள் வரும். உற்றார் கூடிக் கூரை வேய்ந்து, விதைக்க நிலமும் வளர்க்கச் சில ஆடுகளும் கைக்கு வந்தபோதே அக்குடும்பம் ஊரில் ஒரு குடும்பமாகும்.

இதனைப் 'பரீட்சார்த்தத் திருமணம்' என மேனாட்டு ஆய்வாளர் நெடுங்காலம் அழைத்துவந்தனர். வில்லியம் காட்டர் என்னும் மானிடவியலாளர் 1977 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அப்பெயரையே கேள்விக்குட்படுத்தினார். நடப்பது பரீட்சையன்று, படிப்படியாக நிறைவேறும் திருமணத்தின் தொடக்கமே என்பது அவர் கருத்து. காலமே இத்திருமணத்தின் உடல் என்பதை இதனால் அறியலாம். காலத்தை நீக்கிவிட்டு எஞ்சியதை மரபு என்பது, விதைப்பையும் களைபிடுங்கலையும் நீக்கிவிட்டு அறுவடைக் கூத்தினை மட்டும் வேளாண்மை என்பதற்கு ஒப்பாகும்.

காலத்தோடு சேர்ந்து நீங்கிப்போவது கடன். அந்தீஸ் கிராமியச் சமூகமாகிய 'அய்லியு'வின் பொருளாதார வாழ்வு 'அய்னி' என்னும் கைம்மாற்று முறைமீது நிற்பது. ஒருவரின் வயலில் ஒருநாள் உழைத்தவருக்கு, அவர் வயலில் ஒருநாள் உழைப்பு மீளவேண்டும். திருமணமும் இம்முறைக்குப் புறம்பானதன்று. அம்முறை மிகத் திண்மையாகத் தெரியும் இடமே அதுதான். பொலிவிய மேட்டுநிலத் திருமணங்களில் எவர் எத்தனை பெட்டி பியர் கொணர்ந்தார், எவர் என்ன பொருள் தந்தார் என்பது கொப்பியொன்றிற் பதியப்படுகிறது. கொடுத்தவர் வீட்டில் மணம் நிகழும்போது அதே அளவு திருப்பப்படவேண்டும். ஞானப்பெற்றோரும் வெறும் சாட்சிகளல்லர். தம்பதியர் பிணங்கினால் நியாயம் கேட்பதும், அடித்தவனைக் கண்டிப்பதும், பஞ்சத்தில் உதவுவதும் அவர்தம் பொறுப்பு. அதற்கு ஈடாக அவர்களது உழவுக்கும் விழாவுக்கும் இளையவர் தோள்கொடுக்கவேண்டும். கெச்சுவாவில் ஆண், பெண் என்னும் இரு சொற்களையும் இணைத்து 'கரிவார்மி' என ஒரே சொல்லாகத் தம்பதியரைக் குறிப்பர். இவ்வாறு இணைந்தவரே ஊரின் முழு உறுப்பினராகிப் பொறுப்பும் பதவியும் ஏற்கத் தகுதி பெறுவர். சுருங்கக் கூறின், மணமாகும் நாளில் ஒருவர் ஊருக்குக் கடன்படுகிறார். ஊர் அவருக்குக் கடன்படுகிறது.

உல்லாசப் பயணிக்குக் கிடைக்கும் திருமணத்தில் எவரும் எவருக்கும் கடன்படுவதில்லை. கட்டணம் செலுத்தப்பட்டதும் கணக்குத் தீர்ந்தது. உலகெங்கும் பணத்தாற் பெறும் பண்டத்தின் இயல்பே இதுதான். அதில் வியப்பில்லை. கடனால் ஆன ஒன்றைக் கடன் நீக்கிய பண்டமாக்கி, அதற்கு அதே பெயரையும் இட்டு வழங்குவதிலேயே புரட்டு உள்ளது.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. பிரசுரங்கள் இச்சடங்கினை 'ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட தூய வடிவம்' என வருணிக்கின்றன. ஆனால் மலைக்கிராமத்துக் கலியாணத்தில் உண்மையில் காணப்படுவன யாவை? கத்தோலிக்கக் குருவானவர், மோதிரம், ஞானப்பெற்றோர், பித்தளை வாத்தியக் குழு, பியர்ப் பெட்டிகள். ஞானப்பெற்றோர் முறை ஸ்பானியரோடு வந்தது. வந்தபின் அந்தீஸ் மக்கள் அதனைத் தமதாக்கித் தம் கைம்மாற்று முறைக்குள் அடக்கிக்கொண்டனர். 'சேர்வினாக்குய்' என்னும் சொல்லே கலப்புச் சொல். 'சேவை செய்தல்' என்னும் ஸ்பானிய வினையோடு 'ஒருவருக்கொருவர்' எனப் பொருள்படும் கெச்சுவா விகுதி சேர்ந்து பிறந்தது அது. நானூறு ஆண்டுகளாக வாழ்ந்து, அடிபட்டு, கடன்வாங்கி வளர்ந்த மரபு இவ்வாறிருக்க, பயணியின் கண்ணுக்காக அதிலிருந்து குருவானவரும் பியரும் வாத்தியக் குழுவும் அகற்றப்படுகின்றன. மரபு என்ற பெயரால் அகற்றப்படுவது மரபே.

இவ்விடத்தில் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். இன்று டொலருக்கு விற்கப்படும் இம்மரபு ஒருகாலத்திற் குற்றமாக இருந்தது. 1570களில் பெருவை ஆண்ட அரசப்பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ தமது கட்டளைகளில், மணத்துக்கு முன் சேர்ந்து வாழும் வழக்கத்தைத் தீங்கானதென அறிவித்துத் தண்டனைக்கு உட்படுத்தினார். பாப்லோ ஹொசே தெ அரியாகா என்னும் யேசுசபைக் குரு, விக்கிரக வழிபாட்டை வேரறுப்பது பற்றி 1621 இல் லீமாவில் வெளியிட்ட நூலிலும் இவ்வழக்கம் கண்டிக்கப்படுகிறது. அங்கு அவர் குறிப்பிடும் நிகழ்ச்சியொன்று சுவையானது. ஓர் ஊரில் ஒருவன் தனக்கு மணம் செய்துவைக்குமாறு அவரைக் கேட்க, பெண்ணின் சகோதரன் கடுமையாக எதிர்த்தானாம். அவ்விருவரும் இன்னும் சேர்ந்து பழகவில்லையே என்பது அவன் சொன்ன ஒரே காரணம். குருவுக்கு அது அறியாமையின் அடையாளமாகப்பட்டது. தன் சகோதரியை அறியாதவன் கையில் ஒப்படைக்க மறுத்த ஒருவனின் விவேகம் அதில் அவருக்குத் தெரியவில்லை. அதே காலத்தில், 1615 அளவில், பெலிப்பே குவாமன் போமா தெ அயாலா என்னும் சுதேச எழுத்தாளர் ஸ்பானிய மன்னனுக்கு வரைந்த நெடிய முறைப்பாட்டில், குருமார் சுதேசிகளை வலிந்து மணம்முடித்து வைக்கும் கொடுமை படமாகவே தீட்டப்பட்டுள்ளது. அம்முறைப்பாடு 1908 இல் கொப்பன்ஹேகன் அரச நூலகத்திலிருந்தே வெளிச்சத்துக்கு வந்தது.

இப்பள்ளத்தாக்கிலேயே பெயர்பெற்ற திருமணம் ஒன்றின் கதையும் உண்டு. 1572 இல் இறுதி இன்காவான துப்பாக் அமாருவைப் பிடித்துவந்தவன் மார்ட்டின் கார்சியா தெ லொயோலா என்னும் படைத்தலைவன். அமாரு குஸ்கோ நகரச் சதுக்கத்தில் சிரச்சேதம் செய்யப்பட்டான். லொயோலாவுக்குக் கிடைத்த பரிசு, அமாருவின் தமையன் சைரி துப்பாக்கின் மகளான பெயாற்றிஸின் கை. அவளுடைய உரிமைச்சொத்து யூக்காய். அதாவது இன்று பயணிகளுக்கு மணச்சடங்கு விற்கப்படும் இதே பள்ளத்தாக்கின் செழிப்பான நிலம். மணமுடித்தவன் நிலமுடையவனானான். குஸ்கோவின் யேசுசபைக் கோயிலில் இம்மணத்தைக் காட்டும் பெரிய ஓவியமொன்று இன்றும் உள்ளது. இன்கா உடையில் மணமகளும் ஸ்பானிய உடையில் மணமகனும் கைகோத்து நிற்கும் அவ்வோவியத்தில் எல்லாம் இணக்கமாகவே தோன்றும். சிரச்சேதத்தின் சுவடு அதிலில்லை. இரவல் உடையில் எடுக்கப்படும் இன்றைய புகைப்படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி இருக்கமுடியாது.

கொலனித்துவம் நீங்கியபின்னும் மலைமக்களின் இல்லறத்தை அரசு நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. நிலப்பிரபுக்களின் ஹசியெண்டாக்களில் அடிமைநிலையில் உழைத்தவர்களுக்கு 1969 யூன் 24 அன்று பெருவில் நிலச்சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. கெச்சுவா 1975 இல் அரச கரும மொழியாயிற்று. எழுத்தறிவற்றோருக்கு வாக்குரிமை 1979 ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் வழியே கிட்டியது. மணமாகாது சேர்ந்து வாழ்வோரின் சொத்துரிமையையும் அவ்யாப்பு முதன்முறையாக ஏற்றது. பொலிவியா சற்று முந்திக்கொண்டது. 1972 ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் 'சேர்வினாக்குய்' வழக்கத்தைப் பெயர் சுட்டியே அங்கீகரித்தது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. ஆயினும் 1996 முதல் 2000 வரை அல்பேர்ட்டோ பியூஜிமோரியின் ஆட்சியில் நிகழ்ந்தது யாது? குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பெயரால் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களிற் பலர் மலைநாட்டு ஏழைக் கமக்காரப் பெண்கள். ஆயிரக்கணக்கானோர் தமது உண்மையான சம்மதம் பெறப்படவில்லை என முறையிட்டுள்ளனர். குஸ்கோவுக்கு மேற்கேயுள்ள அந்தா மாகாணப் பெண்கள் இம்முறைப்பாட்டில் முன்னின்றனர். பெரு அரசு பெண்களின் உரிமையை மீறியது என 2024 இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கான குழு தீர்ப்பளித்தது. வந்துபோகும் தம்பதியரின் வளத்துக்காகப் பச்சமாமா அழைக்கப்படும் பள்ளத்தாக்கிலிருந்து அந்தா சில மணித்தியாலப் பயணத் தூரமுமன்று.

மொழியின் நிலையும் இவ்வாறே. சடங்கில் ஒலிக்கும் கெச்சுவா பயணிக்கு மந்திரமாக இனிக்கிறது; பொருள் விளங்காமை அதன் இனிமையை மிகுவிக்கிறது போலும். ஆனால் 2006 இல் குஸ்கோவிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஹிலாரியா சூப்பா, மரியா சுமிரே ஆகிய இருவரும் கெச்சுவாவிற் பதவிப்பிரமாணம் செய்தபோது அச்சபையிலேயே எதிர்ப்பு எழுந்தது. வழிபாட்டில் அழகாயிருக்கும் மொழி அதிகாரத்தில் அமர முற்படும்போது அருவருப்பாகிறது.

இதற்கெதிராகச் சொல்லப்படும் நியாயங்களை ஒதுக்கிவிடல் தகாது. எல்லா மரபும் ஒருகாலத்தில் எவரோ புனைந்ததுதானே, குஸ்கோவின் சூரிய விழாவும் 1944 இல் மீளமைக்கப்பட்டதுதானே என்பர் சிலர். உண்மை. இன்கா கார்சிலாசோவின் வரலாற்று நூலைத் துணையாகக் கொண்டு, குஸ்கோ அறிஞரும் கலைஞரும் இன்ரி றைமி விழாவினை அவ்வாண்டு மேடையேற்றினர். பவுஸ்தீனோ எஸ்பினோசா நவாரோ கெச்சுவாவில் வசனமெழுதித் தாமே இன்காவாக நடித்தார். ஆனால் அதனை ஆக்கியோர் குஸ்கோ மக்கள். தம் நகருக்காக, தம் மொழிக்காக ஆக்கினர். பின்னர் அதற்கும் ஆசனக் கட்டணம் வந்துசேர்ந்தது வேறு கதை. புனைவு என்பது குற்றமன்று. எவர், எவருக்காகப் புனைகின்றார் என்பதே நோக்கத்தக்கது.

இரண்டாவது நியாயம் வலுவானது. சடங்காசிரியருக்கு இதனால் வருவாய் கிடைக்கிறது; அதனைக் கெடுப்பதற்கு வெளியார் எவருக்கும் என்ன உரிமை? பாக்கோக்கள் ஊதியம் பெறுவது புதிதன்று. ஊரவரிடமும் அவர்கள் பணமும் பண்டமும் பெற்றே சடங்கு செய்துவந்துள்ளனர். பயணிகள் பெரிதும் நாடும் சடங்காசிரியர் பலர் கேரோ என்னும் உயர்மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 1955 இல் குஸ்கோப் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் ஒஸ்கார் நூஞெஸ் தெல் பிராதோவின் ஆய்வுக்குழு அங்குச் சென்றபோது அம்மக்கள் ஹசியெண்டா ஒன்றின் கொத்தடிமைகளாக இருந்தனர். இன்று அவர்களை 'இறுதி இன்காக்கள்' என்று பிரசுரங்கள் போற்றுகின்றன. அடிமையாயிருந்த காலத்தில் ஒருவரும் அவ்வாறு போற்றியதாகத் தெரியவில்லை. அவர்கள் நகருக்கு வந்து தம் அறிவுக்கு ஊதியம் பெறுவதை எவரும் பழிக்கவேண்டியதில்லை. பழிக்கவேண்டியது அவ்வறிவுக்குத் தவறான பெயரிட்டு விற்கும் இடைத்தரகினை. பாக்கோ செய்வது பச்சமாமாவுக்குப் படையல். அது ஓர் ஆசிச் சடங்கு. ஆசி என்று சொல்லி விற்றால் அவருடைய ஊதியத்தில் ஒரு சதமும் குறையாது.

மூன்றாவதொன்றும் உண்டு, அது உண்மையில் நியாயமன்று, ஒரு மயக்கம். அந்தீஸ் திருமணம் ஆண் பெண் சமநிலையின் வடிவம், 'யனந்தின்' என்னும் இணைத் தத்துவத்தின் வெளிப்பாடு, மேற்கு நாடுகள் இழந்துவிட்ட இணக்கம் அங்கே உயிர்வாழ்கிறது என்றெல்லாம் எழுதப்படுகின்றது. யனந்தின் என்னும் கருத்து அம்மக்களிடையே உண்டு, மறுப்பதற்கில்லை. அதேவேளை, மாமியார் வீட்டில் ஆண்டுக்கணக்காக உழைத்து ஓடாகும் இளம்பெண்களும், குடித்துவிட்டு அடிக்கும் கணவர்களும், அதற்காகவே ஞானத்தந்தையிடம் ஓடும் மனைவியரும் அச்சமூகத்தில் உண்டு. ஞானப்பெற்றோர் முறை தேவைப்பட்டதே பிணக்குகள் இருந்தமையாற்றான். பிணக்கற்ற இணக்கத்தை அம்மக்கள்மீது சுமத்துவது புகழ்ச்சியன்று. அவர்களை மனிதராகக் கருத மறுப்பது.

மணமக்களுக்குக் கையளிக்கப்படும் மூன்று கோக்கா இலைகளின் கதையும் இத்தகையதே. 1961 ஆம் ஆண்டின் சர்வதேச போதைப்பொருள் உடன்படிக்கை கோக்கா இலையைத் தடைப்பட்டியலிற் சேர்த்து, அதனை மெல்லும் வழக்கத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒழிக்குமாறு பணித்தது. பொலிவியா 2011 இல் அதிலிருந்து விலகி, மெல்லும் உரிமைக்கு விலக்குக் கோரி 2013 இல் மீளச் சேரவேண்டியதாயிற்று. மலையில் அவ்விலையை நெஞ்சோடணைத்து மலைத் தெய்வத்தை அழைத்த மணமக்கள், அதனைத் தமது நாட்டு விமான நிலையத்துக்கு எடுத்துச் சென்றாற் பறிகொடுப்பர்.

வெளியாருக்கு அந்தீஸ் மக்கள் கதவடைத்தவர்களல்லர் என்பதையும் இங்குக் கூறவேண்டும். அந்நியரை உறவினராக்கும் முறையொன்று அவர்களிடம் நெடுங்காலமாக உள்ளது. அதுவே ஞானப்பெற்றோர் முறை. கிராமங்களில் தங்கிய ஆய்வாளர், ஆசிரியர், வணிகர் பலர் மணமக்களுக்கோ குழந்தையின் முதல் முடியிறக்கத்துக்கோ ஞானப்பெற்றோராகுமாறு கேட்கப்பட்டுள்ளனர். ஒப்புக்கொண்டவர் முதற் கற்றையை வெட்டிப் பணம் வைப்பார். அன்று முதல் அவர் அக்குடும்பத்துக்குக் 'கொம்பாத்ரே'. அடுத்த ஆண்டு பிள்ளையின் பாடசாலைக் கொப்பிகளுக்கு உதவி கேட்டு ஆளனுப்புவார்கள். அதற்கடுத்த ஆண்டு தந்தையின் நோய்க்கு. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அவித்த உருளைக்கிழங்கும் பொரித்த கினிப்பன்றியும் அவர்முன் வைக்கப்படும், உண்ணாமற் போகவிடமாட்டார்கள். வராமல் இருந்துவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.